டூல்ரூம் பதில்கள்: வேகம் கூட்டிய டார்பிடோ

கேள்வி: கடற்போர் வியூக விளையாட்டு ஒன்றில் 1942-ஆம் ஆண்டை ஆடிக்கொண்டிருக்கிறேன். ‘வேகமான டார்பிடோ’, ‘கனமான வெடிமுனை’, ‘காந்த வெடிப்பி’ என்று மூன்று மேம்பாடுகளையும் காசு சேர்த்து வாங்கினேன். அடுத்த நொடியே என் நீர்மூழ்கிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டன, சேத அளவும் ஏறிவிட்டது. நிஜத்திலும் இப்படித்தானா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் வாங்கிய மூன்றும் சேர்ந்த ஒரு டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் தானே ஓடிப் போய்க் கப்பலைத் தாக்கும் குண்டு, உண்மையிலேயே இருந்தது தம்பி. மார்க் 14 என்று பெயர். அமெரிக்க நீர்மூழ்கிகள் பசிபிக்கில் ஜப்பான் கப்பல்களைத் தேடிப் போனபோது எடுத்துப் போனது. வேகம் 46 நாட், மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர். அதை நம்பிப் போன கேப்டன்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

முதலில், சொன்ன ஆழத்தில் அது ஓடவில்லை. சோதனைக்குப் பொருத்திய முனை லேசு, போருக்குப் பொருத்தியது கனம். ஆழம் அளக்கும் கருவியும் தவறான இடத்தில் இருந்தது. ஓடும் வேகத்தில் தண்ணீர் அங்கே பொய்யான அழுத்தத்தைக் காட்டியது. 1942 ஜூனில் ஆஸ்திரேலியாவின் அல்பனி அருகே அமெரிக்க அட்மிரல் லாக்வுட் மீன்வலை வாங்கிக் கடலில் கட்டி, அதன் மேல் டார்பிடோ விட்டுப் பார்த்தார். 10 அடிக்கு அமைத்தது 25 அடியில் வலையைக் கிழித்திருந்தது. கப்பலுக்கு ரொம்பக் கீழேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது!

அதைச் சரிசெய்ததும் காந்த வெடிப்பியின் குட்டு வெளிப்பட்டது. கப்பலின் இரும்பால் காந்தப்புலம் மாறுவதை உணர்ந்து, மோதாமலே அடியில் வெடிக்க வைக்கும் கருவி அது. இலக்கை எட்டுவதற்கு முன்பே பல வெடித்தன. பூமியின் காந்தப்புலம் ஊருக்கு ஊர் ஒரே மாதிரி இருப்பதில்லையே. 1943 ஜூனில் பசிபிக் கடற்படைத் தலைவர் அட்மிரல் நிமிட்ஸ் தன் படைக்கு அதை அணைத்துவிடச் சொன்னார். சரி, இனி மோதினால் வெடிக்கும் என்று நினைத்தார்கள்.

அடுத்த மாதமே டினோசா என்ற நீர்மூழ்கி, ட்ரக் தீவுக்கு மேற்கே டோனான் மாரு 3 என்ற 19,000 டன் கப்பலைப் பிடித்தது. சாய்வாகப் போய் மோதிய இரண்டு வெடித்து, கப்பல் நின்றுவிட்டது. அப்புறம் கேப்டன் டாஸ்பிட் சாவகாசமாக அதன் பக்கவாட்டுக்கு வந்து, பாடப்புத்தகத்தில் இருப்பது போலச் செங்குத்தாக ஒன்பது டார்பிடோக்களை ஒவ்வொன்றாக விட்டார். ஒன்றுகூட வெடிக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றைச் சோதனைக்கென்று பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்தார்.

இனி வருவது என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் இழுப்பேன். அம்பத்தூரில் 31 வருஷம் டூல்ரூமில், அதாவது தொழிற்சாலைக்கு வேண்டிய அச்சும் கருவியும் செய்யும் பட்டறையில், நின்றவன் நான். ஹவாயில் வெடிமருந்து இல்லாத முனைகளை 90 அடி உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் போட்டுப் பார்த்தார்கள். நேராக விழுந்த பத்தில் ஏழு வேலை செய்யவில்லை. சாய்வான தகட்டில் விழுந்தவற்றில் பாதி வேலை செய்தன. காரணம் ஒரு சின்ன ஃபயரிங் பின், அதாவது அடித்து வெடிப்பைத் தொடங்கிவைக்கும் ஊசி. அது டார்பிடோ போகும் திசைக்குக் குறுக்கே மேலேறி அடிக்க வேண்டும். நேராக மோதும்போது வரும் அதிர்ச்சியில், அந்தப் பின் தன் கைடிலேயே, அதாவது தான் நகரும் தடத்திலேயே, அழுந்திக் கவ்விக்கொள்கிறது. அந்த அமைப்பு பழைய, மெதுவான டார்பிடோவுக்கு வரைந்தது. வேகத்தைக் கூட்டியவர்கள் பின்னைத் தொடவில்லை. எங்கள் கம்பெனியில் ஒரு பிரஸ்ஸுக்கு ஸ்ட்ரோக்கைக் கூட்டினோம். மூன்றாம் நாள் கைடு பின் இப்படித்தான் கவ்வியது, சூப்பர்வைசர் ஆபரேட்டரைத் திட்டினார். அமெரிக்காவிலும் முதலில் கேப்டன்கள்தான் திட்டு வாங்கினார்கள். லேசான உலோகக்கலவையில் பின் செய்து போட்டதும், 1943 செப்டம்பரில் பிரச்சினை தீர்ந்தது.

உங்கள் விளையாட்டில் வேகம் ஒரு கட்டம், வெடிமுனை இன்னொரு கட்டம், காந்தம் மூன்றாவது. ஒன்று மற்றொன்றைத் தொடுவதே இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான். மேம்பாடு ஒரே நொடியில் எல்லா நீர்மூழ்கிக்கும் போய்ச் சேருவதைக்கூட மன்னித்துவிடலாம்.

கேள்வி: என் மகன் ஆடும்போது நீர்மூழ்கி அரை நிமிடத்தில் மறுபடி டார்பிடோ நிரப்பிக்கொள்கிறது. சாத்தியமா?
– ஆசிரியை, ஓசூர்

பதில்: அந்தக் காலத்தில் வாய்ப்பே இல்லை அம்மா. மார்க் 14-இன் நீளம் ஆறேகால் மீட்டர், எடை ஏறக்குறைய ஒன்றரை டன். ஆடும் படகுக்குள் அதைக் கப்பி, கயிறு, ஆள்பலம் வைத்துக் குழாய்க்குள் தள்ள வேண்டும். விசாகப்பட்டினம் கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற பழைய இந்திய நீர்மூழ்கியை 2002-இலிருந்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான் போனபோது டார்பிடோ அறையில் நிமிர்ந்து திரும்பவே யோசிக்க வேண்டியிருந்தது. கதவு விளிம்பில் முழங்காலை இடித்துக்கொண்டதும் உண்டு. 22 டார்பிடோ சுமந்த கப்பல் அது. மகனை ஒருமுறை கூட்டிப் போங்கள், தலையைக் குனிந்து நடக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புது டார்பிடோ வந்ததும் பழையதை விற்றுவிடலாமா அங்கிள்?
– பள்ளி மாணவன், காரைக்குடி

பதில்: விற்காதே. ஃபாக்லாந்து போரில், 1982 மே 2 அன்று, பிரிட்டனின் அணுசக்தி நீர்மூழ்கி காங்கரர் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பலைக் குறிவைத்தது. அதனிடம் இலக்கைத் தானே தேடிப் போகும் புதிய டைகர்ஃபிஷ் இருந்தது. கேப்டன் எடுத்ததோ 1920-களில் உருவான மார்க் 8. நேராக ஓடும், வேறொன்றும் தெரியாது. ஆனால் வெடிமுனை பெரிது, இலக்கும் ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருந்தது. மூன்று விட்டார், இரண்டு பட்டன, கப்பல் மூழ்கியது. 323 பேர் இறந்தார்கள். உன் விளையாட்டில் அந்த எண்ணிக்கை வராது.