மரப்பெட்டியில் வைத்த சங்குகள் வெளுப்பது ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறோம். அப்பா தரங்கம்பாடிக் கடற்கரையில் பொறுக்கிச் சேர்த்த சங்குகளை மரப்பெட்டியில் பஞ்சு விரித்து வைத்திருக்கிறோம். பேரீச்சங்கொட்டை வடிவில் பளபளவென்று இருந்தவற்றின் மேல் இப்போது வெள்ளை மாவு பூத்திருக்கிறது. பூஞ்சையா? வினிகரில் ஊறவைத்தால் போகுமா?

பதில்: வினிகர் வேண்டவே வேண்டாம். சங்கு கால்சியம் கார்பனேட்டால் ஆனது, அமிலம் பட்டால் கரையும். உங்கள் பெட்டிக்குள் நடந்திருப்பதும் பெரும்பாலும் அதுதான். மரம், அதிலும் புது ஒட்டுப்பலகை, அசிட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை மெல்ல மெல்ல வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அது தங்கி, ஈரக்காற்றோடு சேர்ந்து சங்கை அரிக்கிறது. அந்த வெள்ளை மாவு அப்படி உண்டாகும் உப்பு. 1899இல் பைன் என்ற ஆங்கிலேயர் இதைப் பற்றி எழுதியதால் 'பைன் நோய்' என்றே பெயர். ஆனால் இது தொற்றுநோய் அல்ல. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மாதக்கணக்கில் மூடுபனி இறங்கும் ஏற்காட்டில் இது வருவதில் வியப்பில்லை.

நீங்கள் சொல்வது ஆலிவ் நத்தையின் சங்கு என்று நினைக்கிறேன். மூச்சுக்குழலை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மணலுக்குள் புதைந்து நகரும் பிராணி அது. உயிரோடு இருக்கும்போது தன் சதை மடிப்புகளால் ஓட்டைப் போர்த்திக்கொள்ளும். அதனால்தான் மணலில் உரசியும் அந்த மினுமினுப்பு! வேறு பல சங்குகளுக்கு உள்ள மேல்தோல் இதற்கு இல்லாததால் சிறு அரிப்பும் உடனே கண்ணில் படும்.

முதலில் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் தேய்த்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். அந்த உப்பு தண்ணீரில் கரைந்துவிடும். உப்புச்சத்துள்ள போர் தண்ணீர் காய்ந்ததும் தானே கறை விடும், அது வேண்டாம். அப்புறம் வாய்ப்பகுதி கீழிருக்க, நிழலில் பல நாள் காயட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைத் துளி தொட்டுத் துடைத்தால் நிறம் ஓரளவு தெளியும். தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அரித்துப்போன பளபளப்பு மட்டும் திரும்பாது, அதற்கு வழியே இல்லை.

இனி எவர்சில்வர் டப்பாவிலோ கண்ணாடி ஜாடியிலோ சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். பஞ்சு, அட்டை, செய்தித்தாள் எதுவும் உள்ளே கூடாது. அப்பா எழுதிய சீட்டுகள் இருந்தால் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தந்தச் சங்கோடே வையுங்கள். எந்தக் கரை, எந்த ஆண்டு என்ற குறிப்பு இருந்தால்தான் அந்தச் சேகரிப்பு ஆராய்ச்சிக்கும் பயன்படும்.