தாய்ப்பால் கொடுக்கும் அம்மாக்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தால் பலன் இருக்குமா?

"இங்கிலாந்தில் தாய்ப்பால் கொடுத்த அம்மாக்களுக்குக் கடைக் கூப்பன் கொடுத்துப் பார்த்தார்களாம். நம் ஊரிலும் அப்படிச் செய்யலாமா? பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் காசா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் பிரசவ நாள் நெருங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றாலும் படியுங்கள்.

காசு கொடுக்கலாம். கொடுக்கத்தான் வேண்டும். பாலுக்குப் பரிசாக வேண்டாம், பிள்ளையோடு இருக்கும் அந்த ஆறு மாதத்துக்குச் சம்பளமாகக் கொடுக்க வேண்டும்.

முதலில் அந்த இங்கிலாந்து விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் கொடுப்பது குறைவாக இருந்த தெற்கு யார்க்ஷயர், டெர்பிஷயர் பக்கம் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்வு அது. 92 பகுதிகள், 10,000 தாய் சேய்களுக்கு மேல். பாதிப் பகுதிகளில் 40 பவுண்டு கூப்பன், பிள்ளைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் ஐந்து தடவை, மொத்தம் 200 பவுண்டு. தாயும் கையெழுத்துப் போட வேண்டும், பார்க்க வரும் செவிலியரும் போட வேண்டும். ஆறு முதல் எட்டு வார வாக்கில் கணக்கெடுத்தபோது கூப்பன் இல்லாத பகுதிகளில் 31.7 சதவீதம் பேர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், கூப்பன் கொடுத்த பகுதிகளில் 37.9 சதவீதம். வேறு எதுவும் சேர்க்காமல் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் என்று பார்த்தால் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆக, கூப்பனால் கொஞ்சம் பலன் உண்டு. அந்தக் கொஞ்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இனி என் கதை. எனக்கு ஊர் கோட்டையூர். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். கடையின் பெயர் வேண்டாம். எங்களையும் சேர்த்து முப்பது பேருக்கு மேல் வேலை பார்த்த கடை. மாசமாக இருக்கிறேன் என்று சொன்னதும் மேலாளர் கோபமெல்லாம் படவில்லை, அன்பாகத்தான் சொன்னார். "நின்னுக்கம்மா. பிள்ளையைப் பெத்துட்டு வா, புதுசா சேர்த்துக்கலாம்." நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பத்துப் பேர் வேலை பார்க்கிற கடையாக இருந்தாலே மகப்பேறு நலச் சட்டம் செல்லும், பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 1961-ல் வந்த சட்டம், 26 வாரமாக்கியது 2017-ல். என் மகன் பிறந்தது 2018-ல்.

தனியார் மருத்துவமனையில் சிசேரியன். மயக்கம் தெளிந்து கேட்டால், "பாப்பாவுக்குப் பவுடர் பால் கொடுத்தாச்சு, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். முதுகில் ஊசி போட்டுச் செய்கிற சிசேரியனில் தாய்க்கு நினைவு இருக்கும், கூட ஆள் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பிள்ளையை மாரில் போடலாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்றது 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. எத்தனை பிள்ளைகளுக்கு முதல் வாய் பாட்டிலாக இருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

வீட்டுக்கு வந்தால் "பால் பத்தலை" என்ற பேச்சு. அத்தை பதறிப்போய் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாம் என்றார். அப்பத்தா பூண்டை வதக்கிப் போட்டார், பால்சுறாப் புட்டு செய்தார். அத்தனையும் பாசம், நான் மறுக்கவில்லை. ஆனால் என் பாலைக் காப்பாற்றியது சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸம்மாதான். தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வாயை நல்லாத் திறக்க விடு. காம்பை மட்டும் சப்பினா உனக்கும் வலிக்கும், அவனுக்கும் கிடைக்காது. கறுப்பு வட்டமும் உள்ள போகணும்" என்று பிள்ளையை என் வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக் காட்டினார். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும், மாரில் தேங்கினால் உடம்பே சுரப்பைக் குறைத்துக்கொள்ளும் என்றார். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போனால் பால் போதும் என்று அத்தைக்கும் புரியவைத்தார். ஒரு வாரத்தில் பவுடர் டப்பாவைத் தூக்கிப் போட்டோம். எந்த ஊக்கத்தொகையும் அந்த வேலையைச் செய்திருக்காது.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது கையில் காசு இல்லை. கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், வண்டிக்குத் தவணை கட்ட வேண்டும். திரும்பக் கடைக்குப் போனேன், புது ஆளாக, பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. காலையில் பால் கொடுத்துவிட்டு, கொஞ்சம் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன். எங்கள் வீட்டுச் சீரில் வந்த வெள்ளிப் பாலாடையில் அத்தை அதை ஊற்றிக் கொடுப்பார். (அந்தப் பாலாடையைப் பழைய சம்பிரதாயம் என்று யாரும் ஒதுக்காதீர்கள். குறைமாதப் பிள்ளைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையில்தான் புகட்டுகிறார்கள்.) மதியத்துக்குள் எனக்கு மார் கல்லாகிவிடும். சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ரவிக்கை நனையும். ஒரு ஆச்சி அதைப் பார்த்துவிட்டு, "போத்தா, நான் இருக்கேன், போயிட்டு வா" என்றார். எங்கே போவது? கிடங்கில் பண்டல்களுக்குப் பின்னால், கூட வேலை பார்க்கிற பெண் காவல் நிற்க, பீய்ச்சிக் கழுவுத்தொட்டியில் கொட்டினேன். என் பிள்ளையின் பால். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை விட வேண்டும் என்று அந்த மகப்பேறு நலச் சட்டத்திலேயே இருந்தது.

உட்காரும் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தாலும் சரி. தையல் போட்ட வயிறோடு பகல் முழுக்க நின்றேன். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் சோம்பேறி என்று பெயர். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டம் திருத்தியது. இன்றைக்கும் துணி எடுக்கப் போகிற கடைகளில் அந்தப் பெண்களின் காலைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். எத்தனை கடையில் ஸ்டூல் இருக்கிறது என்று நீங்களும் பாருங்கள்.

கடைசியில் வேலையை விட்டேன். வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். மகன் இரண்டு வயதுவரை குடித்தான், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமைக்கு என் சம்பளத்தைத்தான் விலையாகக் கொடுத்தேன். "பால் கொடுக்கக் காசா" என்று கேட்கிறவர்கள், பால் கொடுப்பதால் ஒருத்தி இழக்கிற காசைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

உடனே சிலர் வருவார்கள், பவுடர் பால் கொடுத்த அம்மாக்களைக் குறை சொல்கிறாயா என்று. இல்லை. மருத்துவக் காரணத்தால் கொடுக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், முயன்றும் முடியாமல் அழுதவர்களை எனக்குத் தெரியும். பரிசு வேண்டாம் என்பதே அவர்களுக்காகவும்தான். நம் நாட்டில் இது புதிதும் இல்லை. 2010-ல் இந்திரா காந்தி மாத்ரித்வ சகயோக் திட்டம் என்று 52 மாவட்டங்களில் தொடங்கினார்கள். 4,000 ரூபாயில் கடைசித் தவணை, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தேன் என்று தாயே உறுதி சொன்னால் கிடைக்கும். பணம் தேவைப்படுகிற ஒருத்தி, பால் வற்றிப்போயிருந்தால் என்ன சொல்வாள்? ஒன்று பொய் சொல்ல வேண்டும், இல்லை பணத்தை விட வேண்டும். 2017-ல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டத்தில் அந்த நிபந்தனை இல்லை, பிறப்புப் பதிவும் தடுப்பூசியும் கேட்டார்கள். அது நியாயம்.

பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாடு அரசு 18,000 ரூபாய் கொடுக்கிறது. அதில் 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது. ஏழை வீட்டில் அது பெரிய தொகை. ஆனாலும் கட்டட வேலைக்கோ அரிசி மில்லுக்கோ போகிற பெண்ணின் ஆறு மாதக் கூலிக்கு அது எட்டாது. முதலாளி என்று ஒருவர் இல்லாத இவர்களுக்குத்தான் அரசு கூலி கொடுக்க வேண்டும் என்கிறேன்.

காசு கொடுத்தால் பழக்கம் மாறும் என்பதைப் பவுடர் கம்பெனிகள் எப்போதோ தெரிந்துவைத்திருந்தன. முதல் டப்பா இலவசம், அதற்குள் பால் குறைந்துவிடும், அடுத்த டப்பா நம் காசு. அதனால்தான் 1992-ல் சட்டம் போட்டு இலவச மாதிரியையும் விளம்பரத்தையும் தடுத்தார்கள்.

உங்கள் மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் இன்றைக்கே செய்யுங்கள்: எந்தத் தேதியிலிருந்து விடுப்பு என்று எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பணம் அங்கிருந்து வரும், இல்லையென்றால் நிறுவனம் தர வேண்டும். மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. "நின்னுக்கம்மா" என்று எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.