ஸ்பீக்கரை இணைத்ததும் சத்தம் ஏன் படுத்துவிடுகிறது?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். பிசி547 டிரான்சிஸ்டர் வைத்து 9 வோல்ட் பேட்டரியில் ஒரு ஆம்ப்ளிஃபயர் செய்தேன். கலெக்டர் ரெசிஸ்டர் 4.7 கிலோ ஓம். போனிலிருந்து சிறு சிக்னல் கொடுத்தால் வெளியே 1 வோல்ட் வருகிறது. கெப்பாசிட்டர் வழியாக 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் சத்தமே இல்லை. டிரான்சிஸ்டரை மூன்று முறை மாற்றியாயிற்று. எங்கே தவறு?

பதில்: டிரான்சிஸ்டர் மீது தவறில்லை. உங்கள் ஊரில் மேட்டுத் தொட்டியிலிருந்து ஒல்லி ஓஸில் வீட்டுக்குத் தண்ணீர் இறக்குவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முனையை விரலால் அடைத்தால் அழுத்தம் விரலைத் தள்ளும். விரலை எடுத்தால் நூலாக ஒழுகும். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, ஓஸ்தான் விடமாட்டேன் என்கிறது.

உங்கள் சர்க்யூட்டில் அந்த ஒல்லி ஓஸ், கலெக்டர் ரெசிஸ்டர். உங்களுடையதுபோல் கலெக்டரிலிருந்து சிக்னல் எடுக்கும் பொது எமிட்டர் அமைப்பில் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது வெளியே போகும் ஏசி சிக்னலுக்கு உள்ளிருக்கும் தடை, ஏறக்குறைய அந்த ரெசிஸ்டரின் மதிப்புதான். 4700 ஓமும் 8 ஓமும் அந்த 1 வோல்ட்டைப் பங்கு போட்டால் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது 1.7 மில்லிவோல்ட். எப்படிக் கேட்கும்?

நீங்களே அளந்து பார்க்கலாம். போனில் 400 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஸ்பீக்கருக்குப் பதில் 10 கிலோ ஓம் பிரீசெட்டை (திருகி மதிப்பை மாற்றும் சிறு ரெசிஸ்டர்) இணைத்து, 1 வோல்ட் அரை வோல்ட்டாகும் வரை மெல்லத் திருகுங்கள். அப்புறம் பிரீசெட்டைக் கழற்றி அளந்தால் 4.7 கிலோ ஓமை ஒட்டி வரும். அதுதான் அவுட்புட் இம்பீடன்ஸ். விலை குறைந்த மீட்டர் பலவற்றில் ஏசி ரேஞ்ச் 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அதை இந்த வேலைக்கு நம்பாதீர்கள், 2 வோல்ட் ரேஞ்ச் உள்ளதை இரவல் வாங்குங்கள்.

இன்புட் பக்கமும் இதே கணக்குதான். எமிட்டரில் சிக்னலை நேரே கிரவுண்டுக்கு விடும் பைபாஸ் கெப்பாசிட்டர் இருந்து, 1 மில்லி ஆம்பியர் ஓடினால், பேஸில் சிக்னல் பார்க்கும் தடை பீட்டா (டிரான்சிஸ்டர் கரண்டைப் பெருக்கும் மடங்கு) பெருக்கல் 26 ஓம். பீட்டா 200 என்றால் 5 கிலோ ஓம் சொச்சம். பேஸுக்கு வோல்டேஜ் அமைக்கும் பயாஸ் ரெசிஸ்டர்களும் இணையாகச் சேர்வதால் இன்னும் இறங்கும். போனுக்கு அது பொருட்டில்லை. வாத்தியத்தின் அதிர்வைச் சிக்னலாக்கும் பீசோ பிக்கப் மாட்டினால் மட்டும் கனமான சுரங்கள் காணாமல் போகும்.

சரி, தீர்வு? எமிட்டர் ஃபாலோயர் ஒன்றை, அதாவது எமிட்டரிலிருந்து சிக்னல் எடுத்து இம்பீடன்ஸை ஏறக்குறைய பீட்டாவால் வகுக்கும் இன்னொரு டிரான்சிஸ்டரைச் சேர்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். 4700-ஐ 200-ஆல் வகுத்தாலே 23 ஓமுக்கு மேல் நிற்கிறது. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு ஒப்பேறும், 8 ஓமுக்குப் போதாது. ஸ்பீக்கருக்கு எல்எம்386 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி போடுங்கள். அதன் இன்புட் 50 கிலோ ஓம் என்பதால் உங்கள் ஸ்டேஜை அமுக்காது. நடுவில் 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் கட்டாயம் வேண்டும். அது மூன்றில் ஒரு பங்கு சிக்னலைத் தின்னும், பரவாயில்லை. எல்எம்386 தானே 20 மடங்கு பெருக்குவதால் மிச்சமிருப்பதே அதற்கு அதிகம்.