ஸ்டீராய்டு தொடங்கும் முன் டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னீர்களா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 56. நடவு, களையெடுப்பு என்று வயல் வேலை செய்தவர். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். 2011-ல் காசநோய் வந்து, 6 மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானார். இப்போது மூட்டுகள் வீங்கும் முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) என்று, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட்டும் தினமும் 10 மி.கி. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வருடமாக மெடிக்கலில் பொட்டலமாக மடித்துத் தரும் வலி மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார். ஸ்டீராய்டு வேண்டவே வேண்டாம் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் அந்தப் பழைய காசநோயும் பொட்டல மாத்திரையும் மருந்து எழுதிய டாக்டருக்குத் தெரியுமா? தெரியாதென்றால் நாளைக்கே போய்ச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்தப் பொட்டலம்தான். பெயர் தெரியாத மூட்டுவலி மாத்திரைகளிலும் பொடிகளிலும் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருப்பதுண்டு. ஒரே நாளில் வலி பறந்துபோவது பெரும்பாலும் அதனால்தான். உறவினர்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதை அம்மா ஒரு வருடமாக, யாருடைய கண்காணிப்பும் இல்லாமல், சாப்பிட்டிருக்கக்கூடும். முகம் உப்பியிருக்கிறதா? லேசாக இடித்தாலே தோலில் ரத்தம் கட்டுகிறதா? கவனித்துப் பாருங்கள்.

நம் அட்ரீனல் சுரப்பி ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டு ஏறக்குறைய 5 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். வெளியிலிருந்து வாரக்கணக்கில் ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சுரப்பி சுரப்பதைக் குறைத்துவிடும். அப்போது மாத்திரையைத் திடீரென்று விட்டால் கடும் சோர்வும் வாந்தியும் வரும், ரத்த அழுத்தம் சரியும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் பொட்டலத்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள், புது மருந்தோடு சேர்த்தும் கொடுக்காதீர்கள். மீதி மாத்திரைகளை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள். எப்படி மாறுவது என்று டாக்டர் சொன்ன பிறகு மாறுங்கள். அதில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்தும் இருந்தால், ஸ்டீராய்டோடு சேரும்போது வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது காசநோய். குணமான பிறகும் கிருமி உடலில் உறங்கிக்கிடக்கலாம். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்போது அது விழித்துக்கொள்ளலாம். 10 மி.கி. பெரிய அளவில்லைதான், ஆனால் சர்க்கரையும் மெத்தோட்ரெக்ஸேட்டும் சேரும்போது அலட்சியம் கூடாது. தொடங்கும் முன் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இருமலோ, மாலைக் காய்ச்சலோ, எடைக் குறைவோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை எடுக்கும்போதே, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் பார்த்துவிடலாம்.

அம்மா வெறுங்காலோடு சேற்றில் நின்றவர் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பலர் கேட்க மறக்கும் விஷயம் இது. மண்ணிலிருந்து தோல் வழியாக நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு பல ஆண்டுகள் குடலில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கொடுக்கும்போது அது பல்கிப் பெருகி நுரையீரல் வரை பரவலாம். இருப்பது தெரிந்தால் ஐவர்மெக்டின் மாத்திரையில் சரிசெய்துவிடலாம்.

இத்தனை சொல்லியும் ஏன் கொடுக்கலாம் என்கிறேன்? மெத்தோட்ரெக்ஸேட் வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை வீக்கத்தை அடக்கி மூட்டைக் காப்பாற்றத்தான் பிரெட்னிசோலோன். பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள்தான். தவறி தினமும் கொடுத்து உயிர் போனதுண்டு. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதி வையுங்கள்.

பிரெட்னிசோலோனைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரவில் கொடுத்தால் தூக்கம் கெடும். காலையில் கொடுக்கும்போது சர்க்கரை மதியத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் நம்பினால் அது தெரியாமலே போகும். மதியச் சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள். கண் அழுத்தமும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். எலும்புத் தேய்மானம் முதல் சில மாதங்களிலேயே தொடங்குவதால் கால்சியம், வைட்டமின் டி பற்றியும் இப்போதே கேளுங்கள்.

பல் பிடுங்கப் போனாலும் ஆபரேஷன் என்றாலும் ஸ்டீராய்டு சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். வாந்தி எடுத்து மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனையில் ஊசியாகப் போட வேண்டியிருக்கும்.