மீன், ஐஸ், ஃப்ரிட்ஜ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

மீன் ஏற்றுமதி ஆலை ஒன்றின் தரப் பிரிவில் இருபது வருடம் வேலை பார்த்தவன் நான். வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, காசிமேட்டில் வஞ்சிரம் வாங்கி தாம்பரம் வர ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வெறும் பையில் கொண்டுவரலாமா?

வேண்டாம். ஒரு தெர்மாகோல் பெட்டி எடுத்துப் போங்கள். 0 டிகிரியில் ஒரு நாளில் கெடுகிற அளவு, 10 டிகிரியில் ஆறு மணி நேரத்திலேயே கெட்டுவிடும். சென்னை வெயிலில் இன்னும் வேகம். அப்புறம் வீட்டில் எவ்வளவு குளிர வைத்தாலும், வழியில் போன நேரம் போனதுதான்.

ஐஸ் எவ்வளவு என்றால், மீனின் எடைக்குச் சமமாகப் போடுங்கள். 30 டிகிரியில் இருக்கிற ஒரு கிலோ மீனை 0-க்கு இறக்கவே 300 கிராம் ஐஸ் உருகிவிடும். மீதி ஐஸ் வெளிச்சூட்டைத் தாங்க. தூளாக உடைத்து, அடியில் ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. பெரிய கட்டியாக வைத்தால் மீனை அங்கங்கேதான் தொடும்.

ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்?

குடல், செவுள் எடுத்துக் கழுவியது என்றால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. வீட்டு ஃப்ரிட்ஜ் 4 டிகிரி என்று காட்டினாலும், அடிக்கடி திறக்கிற வீட்டில் உள்ளே அதைவிடச் சூடுதான். மீன் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் போட்டு அடித்தட்டில் வையுங்கள்.

சூரைக் குழம்பு சாப்பிட்ட என் மகனுக்கு முகம் சிவந்து தடித்துவிட்டது. மீனில் நாற்றமே இல்லையே, ஐயா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிம்மதி. இதைப் பலர் வெறும் ஒவ்வாமை என்று விட்டுவிடுகிறார்கள். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும்; முகம் சிவந்து தடிப்பதற்குக் காரணம் இந்த ஹிஸ்டமின்தான். நாற்றம் வருவதற்கு முன்பே இது நடக்கலாம். முக்கியமானது, உருவான ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது, ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது.

என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். காலையில் வாங்கிய சூரைத் துண்டுகள் மாலை வரை சமையல் மேடையிலேயே இருந்துவிட்டன. புளி, மிளகாய் எல்லாம் போட்டு நன்றாகக் கொதித்த குழம்புதான். சாப்பிட்டு அரை மணி நேரத்தில் என் மச்சினனுக்குக் காது மடல் சிவந்தது, கழுத்தெல்லாம் தடிப்பு. சாப்பிடும்போதே நாக்கில் மிளகைக் கடித்தது போல எரிந்தது என்றான். அந்த எரிச்சல் ஒரு அறிகுறி, அப்படி இருந்தால் அடுத்த வாய் சாப்பிடாதீர்கள்.

உங்கள் மகனை மருத்துவரிடம் காட்டுங்கள். உண்மையான மீன் ஒவ்வாமையா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். மூச்சு விடச் சிரமம் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

ஃப்ரீசரில் வைத்த மத்தி ஏன் மஞ்சளாகிச் சிக்கு வாடை அடிக்கிறது?

கொழுப்பு மீன் அது. -18 டிகிரியில் பாக்டீரியா வளராது, ஆனால் காற்று பட்டால் கொழுப்பு மெல்லக் கெடும். காற்றில்லாமல் சுற்றி, இரண்டு மாதத்துக்குள் சமைத்துவிடுங்கள். ஒரு வேளைக்கு ஆகிற அளவில் சிறிய பொட்டலங்களாகக் கட்டினால் சீக்கிரம் உறையும், சதையும் கெடாது. வெளியே எடுத்து உருக விடாமல், முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள்.

ஐஸ் போட்ட மீன் என்றாலே பழையதுதானே?

இல்லை. தரையில் தார்பாய் விரித்து, ஐஸே இல்லாமல் பத்து மணி வெயிலில் கிடக்கிற மீனைத்தான் நான் வாங்க மாட்டேன். நம் கடல் மீனில் ஒட்டியிருக்கிற பாக்டீரியா வெப்பத்துக்குப் பழகியது, ஐஸில் முடங்கிவிடும். அதனால் பிடித்தவுடன் ஐஸ் போட்ட மீன் பல நாள் நன்றாகவே இருக்கும். எப்போது போட்டார்கள் என்பதுதான் கேள்வி. அதற்குச் செவுளைத் தூக்கிப் பாருங்கள்: ரத்தச் சிவப்பு என்றால் சரி, பழுப்பு என்றால் வைத்துவிட்டு அடுத்த கூடைக்குப் போங்கள்.