70 கிலோவில் நின்றுபோன பெஞ்ச் பிரஸ்: ஊசி தேவையா?

கேள்வி: எனக்கு வயது 26. உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. கன்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் வேலை. இரண்டு வருடமாகத் தண்டையார்பேட்டையில் ஜிம்முக்குப் போகிறேன். பெஞ்ச் பிரஸ்ஸில் (பெஞ்சில் படுத்து எடை மாட்டிய ராடை நெஞ்சுக்கு மேலே தள்ளுவது) 70 கிலோ 5 ரெப்ஸ் (தொடர்ந்து 5 முறை, அது ஒரு செட்) போடுவேன். நான்கு மாதமாக அதற்கு மேல் ஏறவில்லை. உடல் எடையும் ஏறவில்லை. வாராவாரம் திங்கட்கிழமை செஸ்ட் மட்டும் 16 செட் அடிக்கிறேன். 75 போட்டால் இரண்டு ரெப்ஸ்தான், மூன்றாவதில் ஸ்பாட் பிடிப்பவர் தூக்க வேண்டியிருக்கிறது. காலையில் இட்லி, மதியம் மெஸ் சாப்பாடு, இரவில் பரோட்டா. "ஒரு ஊசி போட்டா ஏறிடும்" என்கிறார் ஜிம்மில் ஒருவர். டெஸ்டோஸ்டிரோன் டெஸ்ட் எடுக்கட்டுமா? எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.
- வாசகர், காசிமேடு

பதில்: ஊசி வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் எழுதியிருக்கும் எண்களைப் பார்ப்போம். பாதி விடை அவற்றிலேயே இருக்கிறது.

ஒரே ஒரு ரெப் தூக்கக்கூடிய உச்ச எடையைத் தோராயமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. தூக்கிய எடையை ரெப்ஸால் பெருக்கி 30-ஆல் வகுத்து, வருவதைத் தூக்கிய எடையோடு கூட்ட வேண்டும். 70 கிலோ 5 ரெப்ஸ் என்றால் உச்சம் சுமார் 82 கிலோ. 75 கிலோ 2 ரெப்ஸ் என்றால் 80. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலம்தான். 75-ஐ 5 முறை தூக்க வேண்டுமென்றால் உங்கள் உச்சம் 87-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அந்த ஐந்தாறு கிலோ பலத்தை வளர்க்காமலே திங்கள்தோறும் 75-ஐ ஏற்றிப் பார்க்கிறீர்கள். வாராவாரம் பரீட்சை எழுதிக்கொண்டு, நடுவில் பாடமே படிக்காதது போலத்தான் இது.

ஜிம்முக்குப் போகும் முதல் சில மாதங்களில் எடை மளமளவென்று ஏறுவதற்கு முக்கியக் காரணம், இருக்கிற தசையை முழுதாக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வது. அந்தக் கட்டம் முடிந்தபின் தசை நிஜமாகவே தடிக்க வேண்டும். இரண்டு வருடம் பயிற்சி செய்தவருக்குத் தூக்கும் எடையில் மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ கூடினாலே நல்ல வேகம். 16 செட்டையும் ஒரே நாளில் அடித்தால் எட்டாவது, ஒன்பதாவது செட்டுக்கு மேல் கை தளர்ந்துவிடும். மிச்சமெல்லாம் களைப்பைத்தான் கூட்டும். அதையே திங்கள், வியாழன் என்று பிரித்தால் ஒவ்வொரு செட்டும் தெம்போடு நடக்கும்.

திட்டத்துக்கு முன் ஒரு சின்ன வேலை. ராடையும் பிளேட்டுகளையும் தராசில் வைத்துப் பாருங்கள். ஏழடி ஒலிம்பிக் ராட் 20 கிலோ. பழைய ஜிம்களில் கிடக்கும் மெல்லிய ராட் பத்து கிலோகூட இருக்காது. 20 என்று அச்சிட்ட வார்ப்பிரும்பு பிளேட் அரை கிலோ முன்னே பின்னே இருக்கும். ஒரு வாரம் ஒரு ஜோடி, அடுத்த வாரம் வேறு ஜோடி என்று மாட்டினால் ஏறினோமா இறங்கினோமா என்றே தெரியாது. எடை பார்த்த ஜோடியில் சாக்பீஸால் குறி போட்டு, அதையே எடுங்கள். கூடவே 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வேண்டும். ஜிம்மில் இல்லையென்றால் பெரியமேட்டு ஸ்போர்ட்ஸ் கடைகளில் கேளுங்கள். பக்கத்துக்கு 2.5 மாட்டினால் மொத்தம் 5 கிலோ, அதாவது 7 சதவீதம் ஒரே தாவலில். ஸ்குவாட்டுக்கு (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) அது தாங்கும், பெஞ்சுக்குத் தாங்காது.

முதல் வாரம் ஓய்வு வாரம். திங்களும் வியாழனும் 50 கிலோ, 8 ரெப்ஸ், இரண்டே செட். கை அரிக்கும், இருந்தாலும் கூட்டாதீர்கள். அடுத்த வாரம் முதல் திங்கள் கனமான நாள்: 65 கிலோ 5 ரெப்ஸ் நான்கு செட். அதற்கடுத்த வாரம் 67.5, அதே 5 ரெப்ஸ், நான்கு செட். நான்காம் வாரம் 70 கிலோ 4 ரெப்ஸ் நான்கு செட். ஐந்தாம் வாரம் 72.5 கிலோ 3 ரெப்ஸ் மூன்று செட். ஆறாம் வாரம் மறுபடி இறங்கி 60 கிலோ 5 ரெப்ஸ் இரண்டு செட். ஏழாம் வாரத் திங்களன்று 70-ஐ ஏற்றி எத்தனை ரெப்ஸ் வருகிறது என்று பாருங்கள். ஏழு வந்தால் உச்சம் 86-ஐத் தொட்டுவிட்டது. அடுத்த சுற்றை எல்லா எடையிலும் 2.5 கூட்டித் தொடங்கலாம். ஐந்திலேயே நின்றால் எடையைக் கூட்டாமல் அதே சுற்றை இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்போது சாப்பாட்டையும் தூக்கத்தையும்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வியாழன் இலகுவான நாள். 55 கிலோ 8 ரெப்ஸ் நான்கு செட். ராட் நெஞ்சைத் தொட்டதும் ஒரு நொடி நிறுத்தி, பிறகு தள்ளுங்கள். நெஞ்சில் இடித்து எழும்பும் ராடைப் பலம் என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். ராட் நெஞ்சிலிருந்தே கிளம்பவில்லையென்றால் இந்த நிறுத்தம்தான் மருந்து. பாதிக்கு மேல் போய் நின்றால் மேல்கையின் பின்பக்கமுள்ள ட்ரைசெப்ஸ் தசையின் பலம் போதவில்லை. தோள் அகலத்துக்குக் கையைக் குறுக்கிப் பிடித்து 50 கிலோ 8 ரெப்ஸ் மூன்று செட் சேருங்கள். எந்த செட்டையும் இன்னும் இரண்டு ரெப்ஸ் முடியும் என்ற இடத்தில் நிறுத்துங்கள். கனமான செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடமாவது உட்காருங்கள். பெஞ்சுக்கு வரிசை நிற்கிறது என்று ஒரு நிமிடத்தில் மறுபடி படுப்பதும் எடை ஏறாததற்கு ஒரு காரணம்.

முழங்கை உடம்புக்கு 90 டிகிரியில் விரிந்தால் தோள் முன்பக்கம் வலிக்கும். 45 முதல் 60 டிகிரிக்குள் வையுங்கள். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்துப் பெஞ்சில் அழுத்திக்கொள்ளுங்கள். ஸ்பாட் பிடிக்க ஆள் இல்லாத நாளில் ராடின் முனைகளில் கிளிப் மாட்டாதீர்கள். ராடுக்கு அடியில் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டைத் தள்ளிவிடவாவது முடியும்.

இனி சாப்பாடு. பலம் கூட்ட நினைப்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வேண்டும். உங்களுக்கு நாளொன்றுக்கு சுமார் 105 கிராம். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஐம்பதைத் தாண்டாது. நான்கு முட்டையில் 24 கிராம், அரை லிட்டர் பாலில் 16, மீல் மேக்கர் உலர்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25, குறை தீர்ந்தது. காசிமேட்டில் இருந்துகொண்டு பவுடர் டப்பா தேடுவானேன்? முள் நீக்கிய சங்கரா மீன் 150 கிராம் கிட்டத்தட்ட 30 கிராம் புரதம் தரும். மாட்டுக்கறி சாப்பிடுவீர்களென்றால் 100 கிராம் பச்சைக்கறியில் 20 கிராம் இருக்கிறது. மாலையில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. கூட இரண்டு மசாலா முட்டை வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு மாதமாக உடல் எடை அசையவில்லை என்பதால் மொத்தச் சாப்பாடே குறைவு. தினம் 300 கலோரி கூட்டி, மாதம் அரை முதல் ஒரு கிலோ வரை ஏறுகிறதா என்று பாருங்கள். காசு கொடுத்து ஏதாவது வாங்கியே ஆக வேண்டுமென்றால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் தினம் 3 முதல் 5 கிராம் போதும். ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க உதவும் கிரியேட்டினின் அளவு சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது.

நைட் ஷிஃப்ட் வாரத்தில் எடையைக் கூட்டாதீர்கள், முந்தைய வாரத்தையே திரும்பச் செய்யுங்கள். ஷிஃப்ட் முடிந்து நேராக ஜிம்முக்குப் போகாமல் ஏழு மணி நேரம் தூங்கிவிட்டுப் போங்கள். மே மாதப் புழுக்கத்தில், தகரக் கூரை ஜிம்மில், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது.

இப்போது ஊசி. ஜிம்களில் 'ஊசி' என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. முதலாவது மெஃபென்டெர்மைன். அறுவை அரங்கில் முதுகில் மயக்க ஊசி போட்டபின் இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கும் மருந்து. அது தசையை வளர்க்காது. இதயத்தை விரட்டி, களைப்பை மறைக்கும், அவ்வளவுதான். மூச்சை அடக்கிக் கனமான எடையைத் தள்ளும்போது ரத்த அழுத்தம் எப்படியும் எகிறும். அதன் மேல் இதையும் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பழக்கமும் ஆகிவிடும், மனநோய் அறிகுறிகளும் வரலாம். இரண்டாவது, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் வகை. எடை ஏறும், மறுக்கவில்லை. ஆனால் வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு எண்ணிக்கை பூஜ்யம் வரை இறங்கலாம். நிறுத்தியபின் அது திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். கல்யாணம் நிச்சயமான நேரத்தில் இது தேவையா, யோசியுங்கள்.

பெஞ்ச் பிரஸ் ஏறவில்லை என்பதற்காக மட்டும் டெஸ்டோஸ்டிரோன் பார்க்க வேண்டியதில்லை. ஆசை குறைவு, காலை விறைப்பு நின்றுபோதல், காரணமில்லாத நிரந்தரச் சோர்வு இருந்தால் பாருங்கள். காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் எடுத்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். அதற்கு முன் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை பாருங்கள். ஸ்டான்லி மருத்துவமனை புறநோயாளிகள் பிரிவிலேயே பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்தாலும், குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் திடீரென்று இறந்திருந்தாலும், இசிஜி, எக்கோ எடுத்துப் பார்க்காமல் அடுத்த எடையைத் தொடாதீர்கள். கடும் தசை வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அது தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை. விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.