பனி நிலவுகளின் வெளிச்சம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சனியின் நிலவான என்செலாடஸின் தெறிதிறன் (ஒளியைத் திருப்பும் அளவு) 1.4 என்று வாசித்தேன். விழுந்த ஒளியைவிடக் கூடுதலாக எப்படித் திரும்பும்?
– உயர்தர மாணவி, சாவகச்சேரி

திரும்பாது. சூரியன் நமக்கு நேர் பின்னால் நிற்கும்போது, அதே அளவுள்ள, ஒளியைச் சீராகப் பரப்பும் வெண்தட்டோடு ஒப்பிட்ட எண் அது. என்செலாடஸ் ஒளியை வந்த வழிக்கே அதிகம் திருப்புகிறது. எல்லாத் திசைகளையும் கூட்டினால் 0.8 அளவுதான். எந்தத் தெறிதிறன் என்று குறிப்பிடாமல் எண்ணை எழுதாதீர்கள்.

பருத்தித்துறையில் இருந்தபடி சிறிய தொலைநோக்கியால் வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனியை ஆராயலாமா?

பிரகாசம் மாறுவதை அளக்கலாம், பனியை அல்ல. பூமியிலிருந்து பார்க்கையில் வியாழனின் கலைக்கோணம் (அங்கிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே தெரியும் கோணம்) 12 பாகையைத் தாண்டாது. மீதிக் கோணங்களுக்கு விண்கலம் வேண்டும்.

இணைத்துள்ள படத்தில் யூரோப்பாவில் செங்கோடுகள் தெரிகின்றன. அவை இரும்புத் துருவா?
– பெயரும் ஊரும் இல்லை

எந்த விண்கலம் எடுத்தது, எந்த வடிகட்டி, கலைக்கோணம் என்ன, நிறம் கூட்டப்பட்டதா? ஒன்றும் எழுதவில்லை. இப்படிக் கடிதங்கள் ஓயாமல் வருகின்றன. பரவலாகப் பகிரப்படும் யூரோப்பாப் படங்கள் பல, வேறுபாடு தெரிவதற்காக நிறம் மிகைப்படுத்தப்பட்டவை. படத்தின் நிறத்தைப் பார்த்துப் பொருளுக்குப் பெயர் வைக்கக் கூடாது. நிறமாலையைப் பாருங்கள். நீர்ப்பனி அகச்சிவப்பில் 1.5, 2 மைக்ரோன் அருகே ஒளியை உறிஞ்சும். யூரோப்பாவில் நீர்ப்பனி உண்டென்று 1972இல் உறுதிப்பட்டது இந்தத் தடயத்தால்தான். அதிலும் அவசரம் கூடாது: உறிஞ்சல் ஆழமாக இருந்தால் பனி அதிகம் என்று பொருளல்ல, பனி மணிகள் பெரிதாகவும் இருக்கலாம். ஆனையிறவுக் கட்டி உப்பை அம்மியில் அரைத்துப் பாருங்கள். பொருள் அதேதான், ஆனால் தூள் கூடுதல் வெண்மையாகத் தெரியும். பெரிய மணிக்குள் ஒளி நெடுந்தூரம் போகிறது, அதிகம் உறிஞ்சப்படுகிறது. துரு என்பதற்கு உங்கள் படத்தில் ஆதாரம் எதுவுமில்லை. வெண்ணிறச் சோடியம் குளோரைட்டு கதிர்வீச்சுப் பட்டால் மஞ்சளாகும். அதற்குரிய உறிஞ்சலை, 450 நனோமீற்றர் அருகே, ஹபிள் தொலைநோக்கி யூரோப்பாவின் தாரா பகுதியில் கண்டதாக 2019இல் அறிவித்தார்கள். யூரோப்பா செல்லும் திசைக்குப் பின்பக்க அரைக்கோளத்தில், வியாழனின் இன்னொரு நிலவான அயோவிலிருந்து வரும் கந்தகமும் படிகிறது. அடுத்த முறை படத்தின் விவரத்தோடு எழுதுங்கள்.

சனியின் நிலவான இயபெட்டஸ் ஏன் ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பனி?
– காரைநகர்

நல்ல கேள்வி. 1671இல் வானியலாளர் காசினி அதைச் சனிக்கு மேற்கே மட்டுமே கண்டார். கிழக்கே வரும்போது மங்கி மறைந்தது. அது செல்லும் திசையை நோக்கிய முன்பக்கம் சுமார் 5 சதவீத ஒளியையே திருப்பும், பின்பக்கம் அதைப்போல் பத்து மடங்கு. வெளிநிலவான ஃபீபியின் தூசு முன்பக்கத்தில் படிகிறது. கறுத்த இடம் சூடேறி, பனி ஆவியாகிக் குளிர்ந்த பக்கத்தில் உறைகிறது. கறுப்பு மேலும் கறுக்கிறது.

யூரோப்பா கிளிப்பர் விண்கலம் எப்போது சேரும்?

2024 ஒக்டோபரில் புறப்பட்டது. 2030இல் வியாழனை அடையும்.